ரெண்டு பேருமே பிடிச்சிருக்கு டீச்சர்: பெண் குழந்தைக்குப் பெயர் வைப்பதில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் 31 வருடம் ஒன்றாம் வகுப்பு எடுத்தேன். ஜூன் மாதம் புதுப் பதிவேட்டில் பெயர்களை எழுதுவதும், தினமும் காலையில் அவற்றை வாய்விட்டுக் கூப்பிடுவதும் என் வேலை. என்னிடம் படித்த பிள்ளைகள் இன்று தாய் தகப்பன் ஆகிவிட்டார்கள். குழந்தை பிறந்த சேதி சொல்ல இனிப்போடு வருகிறவர்கள், கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே ஒன்று கேட்பார்கள்: "ரெண்டு பேர் இருக்கு டீச்சர், எதை வைக்கட்டும்?" நின்றுகொண்டு பதில் சொல்லி முடிகிற கேள்வி இல்லை அது. அதனால் இதுவரை கேட்டவற்றை, கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

ரெண்டுமே நல்ல பேர்தான். எங்கேயிருந்து ஆரம்பிக்கிறது?

வாயிலிருந்து. காகிதத்தில் எழுதிப் பார்த்தால் இரண்டும் அழகாகத்தான் தெரியும். பெயர் கூப்பிடுவதற்கு உள்ளது. மூன்று நாள் ஒரு பெயரையே சொல்லிக் கூப்பிடுங்கள். அடுத்த மூன்று நாள் மற்றதை. தூளியில் ஆட்டும்போது, கொல்லையிலிருந்து கூப்பிடும்போது, ராத்திரி இரண்டு மணிக்கு அழுகிறபோது, பாட்டியிடம் போனில் "இப்பதான் தூங்கினா" என்று சொல்லும்போது. ஆறாவது நாள் யோசிக்காமல் எது வாயில் வருகிறது என்று கவனியுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே முடிந்துவிடும்.

கூப்பிடும்போது பெயரின் கடைசி எழுத்து முக்கியம். இகரத்தில் முடிகிற பெயரை விளிக்கும்போது அது ஈகாரமாக நீளும் என்று தொல்காப்பியமே விளிமரபில் சொல்லி வைத்திருக்கிறது. யாழினி என்ற பெயர் தெருவில் "யாழினீ" என்று நீண்டு நான்கு வீடு தாண்டிக் கேட்கும். மெய்யெழுத்தில் முடிகிற கயல், சுடர் போன்றவை வீட்டுக்குள் இனிமையாக இருக்கும். தூரத்திலிருந்து கூப்பிட "கயலு", "சுடரு" என்று ஓர் உகரம் தானாக ஒட்டிக்கொள்ளும். அந்த உகரம் உங்களுக்குப் பிடிக்கிறதா என்றும் பாருங்கள். ஆயுசுக்கும் கூட வரப்போவது அதுதான்.

எத்தனை நாளுக்குள்ள முடிவு பண்ணணும்? ஆஸ்பத்திரியில அவசரப்படுத்துறாங்க.

பிறப்பைப் பதிவு செய்வது வேறு, பெயரைப் பதிவு செய்வது வேறு. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. அந்தப் பதிவில் குழந்தையின் பெயர் இல்லாமலே இருக்கலாம். பிறகு 12 மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் 15 வயதுவரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம்.

ஆகவே மருத்துவமனையில் படிவத்தை நீட்டினால், முடிவு செய்யாத பெயரை வாய்க்கு வந்தபடி சொல்லிவிடாதீர்கள். "பேர் பிறகு சேர்த்துக்கிறோம்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அதற்காக வருடக்கணக்கில் இழுக்கவும் வேண்டாம். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான்.

பதினாறாம் நாள் விசேஷம் வெச்சாச்சு. அன்னைக்குப் பேர் சொல்லியே ஆகணுமே?

சிலர் வீட்டில் 11-ஆம் நாள், சிலர் வீட்டில் 16, சிலர் 30-ஆம் நாள் தொட்டிலிடும்போது. முஸ்லிம் வீடுகளில் ஏழாம் நாள் அகீகாவோடு. அன்று காதில் சொல்கிற பெயர் ஒன்று கட்டாயம் வேண்டும்தான். ஆனால் அதை மறுநாளே பதிவு அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு ஓட வேண்டும் என்று எந்தச் சாத்திரமும் இல்லை. இரண்டு பெயரையும் காதில் சொன்ன வீடுகளை எனக்குத் தெரியும். ஒரு மாதம் கழித்துக் குடும்பமே எதைச் சொல்லிக் கூப்பிடுகிறது என்று பார்த்து அதைப் பதிந்தார்கள்.

மாமியார் பேரைத்தான் வைக்கணும்கிறாங்க. எங்களுக்கு வேற ஒரு பேர் பிடிச்சிருக்கு.

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். முதலில் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பேத்தி என்ற சொல்லே பெயர்த்தி என்பதன் மரூஉ. பாட்டியின் பெயரைத் தாங்குகிறவள் என்று பொருள். பெரியவர்கள் கேட்பது வீம்பு இல்லை, மொழியிலேயே இருக்கிற ஒரு வழக்கம். அந்த மரியாதையோடு பேச்சைத் தொடங்கினால் பாதிச் சண்டை குறையும்.

அடுத்தது, பாட்டியின் பெயருக்கு என்ன பொருள் என்று பாருங்கள். நம் ஊர்ப் பெயர்கள் பலவும் தமிழில் ஒன்றும் வடமொழியில் ஒன்றுமாக இரட்டையாகவே வாழ்கின்றன, கோயிலில் அம்மனுக்கு இரண்டு பெயர் இருப்பதைப் போல. மீனாட்சி என்றால் மீன் போன்ற கண்ணை உடையவள். மதுரையில் அவளே அங்கயற்கண்ணி. அதையே இன்று கயல்விழி என்கிறோம். பாட்டி பங்கஜம் என்றால் பேத்தி தாமரை. பாட்டி ஜோதி என்றால் பேத்தி சுடர். பாட்டி வசந்தா என்றால் பேத்தி இளவேனில். பாட்டி ஸ்வர்ணலதா என்றால் பொற்கொடி. பெயரும் பாட்டியுடையது, ஒலியும் உங்களுடையது.

ஆனால் இதை நீங்களாகச் செய்துவிட்டு அப்புறம் விளக்கம் சொல்லாதீர்கள். பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்க பேருதான் பாட்டி, தமிழ்ல சொல்றோம்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். ஒரு பாட்டி என் முன்னாலேயே "கயல்விழி, கயல்விழி" என்று நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, "எங்கப்பா என்னை அங்கயற்கண்ணின்னுதான் கூப்பிடுவாரு" என்றார். பிள்ளைகளுக்கு அதுவரை அது தெரியாது.

ஜோசியர் சொன்ன எழுத்துல ரெண்டு பேருமே வரலையே?

நட்சத்திர எழுத்துகளின் பட்டியல் வடமொழி ஒலிகளைக் கொண்டு அமைந்தது. ஆயில்யத்துக்கு டி, டு, டே, டோ. பரணிக்கு லி, லு, லே, லோ. சித்திரைக்கு பே, போ, ர, ரி. தமிழ்ச் சொல் ட, ர, ல ஆகியவற்றில் தொடங்காது என்பது நம் இலக்கணம். ஆகவே ஆயில்யத்தில் பிறந்த பெண்ணுக்கு அந்த எழுத்தில் நல்ல தமிழ்ப் பெயர் தேடினால் கிடைக்காது. உங்கள் தேடலில் குறை எதுவும் இல்லை.

இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. நட்சத்திரப் பெயரைச் சடங்கில் காதில் சொல்லிவிட்டு, கூப்பிடுவதற்கு வேறு பெயர் வைப்பது. வீட்டில் ஜோசியத்தில் நம்பிக்கை உள்ளவர்களுக்கு இது மனநிறைவு தரும். எழுத்துக்காக மட்டும், பொருளே இல்லாத ஒரு பெயரை ஒட்டவைத்துப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். அப்படிப்பட்ட பெயர்களைப் பதிவேட்டில் எழுதும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். "உன் பேருக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டால் அந்தப் பிள்ளை என்ன சொல்லும்?

இணையத்துல ஒரு அர்த்தம் போட்டிருக்கு, தாத்தா வேற சொல்றார். யாரை நம்புறது?

பெரும்பாலும் தாத்தாவை. பெயர்ப் பட்டியல்களில் "அழகானவள்", "தேவதை", "அதிர்ஷ்டசாலி" என்று எதற்கு வேண்டுமானாலும் போட்டுவிடுகிறார்கள். ஐயம் வந்தால் அகராதியைப் பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, இன்று இணையத்திலேயே தேடிப் பார்க்கலாம். கயல் என்றால் அழகு என்று ஒரு பட்டியலில் படித்துவிட்டு வந்தார் ஓர் அப்பா. கயல் ஒரு மீன். பாண்டியர் கொடியில் இருந்ததும் மீன்தான். கண்ணுக்கு உவமையானது அதன் வடிவமும் நீரில் அது பிறழ்கிற வேகமும். அழகு என்று மட்டும் தெரிந்து வைப்பதைவிட, இதைத் தெரிந்து வைப்பது எவ்வளவோ மேல் இல்லையா?

ழ வர்ற பேரை வெச்சா வெளியூர்ல கஷ்டப்படுவாளே?

கொஞ்சம் படுவாள், மறைக்க மாட்டேன். ழகரத்தை ஆங்கிலத்தில் எழுத இசட் எச் என்ற இரண்டெழுத்தைப் போடுகிறோம். அந்த வழக்கம் தெரியாதவர்கள் யாழினியை "யாஸினி" என்றும் கனிமொழியை "கனிமொஸி" என்றும் படிப்பார்கள். கோழிக்கோட்டையும் ஆலப்புழையையும் அதே எழுத்தில்தான் எழுதுகிறார்கள், உலகம் எப்படியோ படித்துக்கொள்கிறது.

வெளியூருக்கு முன்னால் வீட்டைப் பாருங்கள். உங்கள் வீட்டில் ழ சரியாக வருகிறதா? "யாளினி" என்று கூப்பிட்டுக்கொண்டே வளர்த்தால் பிள்ளையும் பதிவேட்டைப் பார்த்து அப்படித்தான் சொல்லும். ஒன்றாம் வகுப்பில் தன் பெயரில் ழ இருக்கிற பிள்ளை, நாக்கை மடித்து அதைச் சரியாகச் சொன்ன முதல் நாளில் முகம் மலர்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ழ உங்கள் இரண்டு பெயரில் ஒன்றில் இருந்தால், அதைக் காரணமாக வைத்து அந்தப் பெயரைத் தள்ளாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

இனிஷியலோட சேர்த்துப் பார்க்கணுமா?

கட்டாயம். என் வகுப்பில் மதி என்று ஒரு பெண். அப்பா பெயர் கோபால். பதிவேட்டில் "கோ. மதி". வருடம் முழுக்கப் பாதிப் பேர் அவளைக் கோமதி என்றே கூப்பிட்டார்கள், தலைமையாசிரியர் உட்பட. தமிழ்நாட்டில் முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021-இல் அரசாணை வந்தபிறகு இது இன்னும் முக்கியம். இரண்டு பெயரையும் முன்னெழுத்தோடு எழுதிப் புள்ளியை மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். அம்மாவின் முதலெழுத்தையும் சேர்ப்பதாக இருந்தால் அதோடும் பாருங்கள்.

ஒண்ணு இப்போ எல்லாரும் வைக்கிற பேரு. இன்னொண்ணு யாருமே வைக்காத பேரு.

ஒரு வருடம் என் வகுப்பில் மூன்று கீர்த்தனா. பெரிய கீர்த்தனா, சின்ன கீர்த்தனா, கண்ணாடி கீர்த்தனா. மூன்றாவது பிள்ளைக்கு அந்த அடைமொழி பிடிக்கவில்லை. ஒரு நாள் கண்ணாடியைப் பைக்குள் வைத்துக்கொண்டு கரும்பலகையைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து மூவரையும் முன்னெழுத்தோடுதான் கூப்பிட்டேன்.

அரிய பெயர் என்றால் அதையும் குழந்தைகளின் காதால் கேட்டுப் பாருங்கள். ஆதிமந்தி சங்கப் புலவரின் பெயர், எனக்கு மிகவும் பிடித்த பெயர். ஆனால் இன்று மந்தி என்றால் பிள்ளைகளுக்குக் குரங்குதான் ஞாபகம் வரும். வகுப்பில் அந்தப் பிள்ளையை விடுவார்களா? அப்படித் தடுக்காத அரிய பெயர்கள் நிறைய இருக்கின்றன. குந்தவை இருக்கிறது, தம்பி ராசராசன் தஞ்சைக் கோயில் கல்வெட்டில் "அக்கன்" என்று உரிமையோடு குறிப்பிட்ட அக்கா அவர். காரைக்கால் அம்மையாரின் இயற்பெயரான புனிதவதி இருக்கிறது. ஆண்டாளின் கோதை இருக்கிறது. இரண்டும் சமமாக நிற்கிறபோது, ஒன்று வகுப்பில் மூன்று பேருக்கு இருக்கப்போகிறது என்றால் நான் மற்றதைத்தான் சொல்வேன்.

ஸ்பெல்லிங்ல ஒரு எழுத்து கூட்டினா ராசியாம். அப்படி வர்ற பேரை எடுத்துக்கலாமா?

பெயரைத் தேர்ந்தெடுக்க இது ஒரு காரணமே இல்லை என்பது என் கருத்து. பிரியா என்ற பெயரை ஐ போட்டும் எழுதுகிறார்கள், ஒய் போட்டும் எழுதுகிறார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ஒன்று என்று ஆகிவிட்டால் பாஸ்போர்ட் எடுக்கும்போது பிள்ளை அலைய வேண்டும். எந்தப் பெயராக இருந்தாலும் பதிவதற்கு முன்னால் ஆங்கில எழுத்துகளை ஒரு தாளில் எழுதி, வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகு, அதையே எல்லா இடத்திலும் கொடுங்கள்.

ஒண்ணைச் சர்டிபிகேட்ல, ஒண்ணை வீட்டுல வெச்சுக்கலாமா?

தாராளமாக. மாமியார் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று இருந்த காலத்தில், பாட்டி பெயரை வைத்த குழந்தையைப் பட்டு, பாப்பா, தங்கம் என்று கூப்பிட்டுத்தான் வளர்த்தார்கள். கிறிஸ்தவக் குடும்பங்களிலும் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டுப் பெயர் ஒன்று என்று வெகுகாலமாக இருக்கிறது.

ஒரே ஒரு எச்சரிக்கை. பள்ளி திறந்த முதல் நாள் "மதுரவாணி" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். இல்லை. எல்லாப் பெயரும் முடிந்தபிறகு பார்த்தால் மூன்றாவது வரிசையில் ஒரு பிள்ளை உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, "எல்லாரையும் கூப்பிட்டீங்க, என்னைய மட்டும் கூப்பிடல" என்றது. "உன் பேரு என்னம்மா?" "அம்மு." சான்றிதழ்ப் பெயரையும் மூன்று வயதிலிருந்தே வீட்டில் பழக்குங்கள். வாரத்தில் ஒரு நாளாவது அப்பா அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடட்டும்.

ரெண்டையும் சேர்த்து ஒரே பேரா வெச்சுட்டா?

இரண்டும் சிறியதாக, ஒன்றோடொன்று ஒட்டுவதாக இருந்தால் சரி. தேன், மொழி என்பவை சேர்ந்து தேன்மொழி ஆவதைப் போல. யாழினி கயல்விழி என்று ஏழெட்டு எழுத்தை அடுக்கினால் கடைசியில் ஒன்றுதான் நிலைக்கும். எது என்பதை ஊர் முடிவு செய்யும்.

அவருக்கு ஒண்ணு பிடிச்சிருக்கு, எனக்கு ஒண்ணு. ரெண்டு பேருமே விட்டுக்கொடுக்கல.

முதலில் சொந்தக்காரர்களிடம் ஓட்டெடுப்பு வைக்காதீர்கள். சீட்டுக் குலுக்கிப் போடுவதும் எனக்கு உடன்பாடில்லை. தோற்ற சீட்டுக்காரர் மனதில் அது நிற்கும். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து "இந்தப் பெயர் ஏன்?" என்று ஒருவருக்கொருவர் சொல்லுங்கள். "நல்லா இருக்கு" என்பதைத் தாண்டி ஒரு காரணம் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். அதன் பிறகும் சமமாக நின்றால், அம்மா சொல்வதை வையுங்கள். பெரும்பாலான வீடுகளில் முன்னெழுத்து அப்பாவுடையதாகத்தான் இருக்கிறது. பெயராவது அம்மாவுடையதாக இருக்கட்டும்.

என் வீட்டிலும் இதே கதைதான். எனக்கு யாழினி. அவருக்குக் கயல்விழி, அவர் அம்மா பெயர் மீனாட்சி என்பதால். மேலே நான் எழுதியிருக்கிற பேத்தி, பெயர்த்தி நியாயமெல்லாம் அன்று அவர் என்னிடம் பேசியதுதான். பத்து நாள் வீட்டில் சரியாகப் பேச்சில்லை. தீர்த்து வைத்தது என் மாமியார். அவர் பிறந்த ஊர் வேதாரண்யம். அங்கே அம்மனுக்கு யாழைப் பழித்த மொழியாள் என்று பெயர், யாழின் ஒலியையும் வென்ற குரலை உடையவள். "என் பேரு எதுக்கு? எங்க ஊரு ஆத்தா பேரு வருது, யாழினியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். பதினாறாம் நாள் தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி அவர்தான் மகன் விரலைப் பிடித்து இழுத்து வந்து எழுதச் சொன்னார். ழவின் வாலை இழுக்கும்போது அரிசி சரிந்து மூடிக்கொண்டது. என் கணவர் அதை அழித்துவிட்டு நிதானமாக மறுபடி எழுதினார்.

நாத்தனார் முந்திக்கிட்டு அதே பேரை அவங்க பொண்ணுக்கு வெச்சுட்டாங்க.

ஒரே தாத்தா பாட்டி வீட்டில் இரண்டு பிள்ளைகளும் வளரப்போகிறார்கள் என்றால் மற்ற பெயருக்குப் போங்கள். பெரிய கீர்த்தனா, சின்ன கீர்த்தனா கதைதான். தூரத்தில் இருந்தால் அதே பெயரை வைப்பதில் தவறில்லை. ஒரே பாட்டியின் பெயரை நான்கு பேத்திகள் தாங்குவது நம்மிடம் புதிதில்லை.

பேரைப் பதிஞ்சாச்சு. இப்போ மத்த பேருதான் சரின்னு தோணுது.

எழுத்துப் பிழை என்றால் பதிவாளரிடம் விண்ணப்பித்துத் திருத்தலாம். பதிந்த பெயரை எடுத்துவிட்டு வேறு பெயர் வைப்பது திருத்தம் ஆகாது. அதற்குத் தமிழ்நாட்டில் எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறையிடம் விண்ணப்பித்து அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு வெளியிட வேண்டும். பிறகு ஒவ்வோர் ஆவணமாக மாற்ற வேண்டும். செய்ய முடியும், அலைச்சல் உண்டு.

அதற்குள் இறங்குவதற்கு முன் ஒன்று யோசியுங்கள். பிரசவமாகி இரண்டு மூன்று மாதத்தில் தூக்கமில்லாத அம்மாக்களுக்கு எதைப் பார்த்தாலும் தவறு செய்துவிட்டோமோ என்று தோன்றும். என்னிடம் இப்படிச் சொன்ன பலர் குழந்தை தன் பெயருக்குத் திரும்பிப் பார்க்கத் தொடங்கியதும் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்கள். குழந்தை திரும்பும்வரை பொறுங்கள்.

வைக்காம விட்ட பேரு மனசை அறுக்குதே, அதை என்ன பண்றது?

அடுத்த குழந்தைக்கு என்று எடுத்து வைக்கலாம். பெண்ணாகப் பிறக்கும் என்று நிச்சயம் இல்லை. வீட்டுப் பெயராக வைக்கலாம், மேலே சொன்ன எச்சரிக்கையோடு. அல்லது சும்மா அப்படியே விடலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான் விட்டோம். கயல்விழி என்ற பெயரை எங்கும் பதியவில்லை, யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. யாழினிக்கு நான்கு வயதில் கடும் காய்ச்சல். நெற்றியில் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தவர், நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து, "கயலு, கண்ணத் தொறம்மா கயலு" என்று மெதுவாகக் கூப்பிட்டார். இன்றும் அவள் வெளிநாட்டிலிருந்து பேசும்போது உடம்பு சரியில்லை என்று சொன்னால் அவர் வாயில் அந்தப் பெயர்தான் வரும். அவளும் "என்னப்பா" என்பாள்.